பரணுக்குள்ள ஒரு கொக்கி

வாங்க பாய், வாங்க. குனிஞ்சு வாங்க... அடடா, அதத்தான் சொல்ல வாயெடுத்தேன். வலிக்குதா? மொத தடவ வர்றவங்க எல்லாருக்கும் இங்க ஒரு இடி உண்டு. ரெண்டாவது தடவ தானாவே குனிஞ்சிடுவீங்க. என் சம்சாரத்துக்கும் பொண்ணுக்கும் இடிக்கவே இடிக்காது. அவங்க ரோட்டுல நடக்கும்போது கூட லேசாக் குனிஞ்சுதான் நடப்பாங்க.

செருப்ப அங்க விடாதீங்க, கதவு சாத்தாது. கதவுக்குப் பின்னாடி மூணு வரிசை ரீப்பர் கட்ட அடிச்சிருக்கேன் பாருங்க, அதுல குத்தி நிறுத்துங்க. செருப்பு, கொட, டார்ச் லைட்டு, கேஸ் புக்கு எல்லாம் ஒரே கதவு முதுகுல. கதவுக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே ஜனங்களுக்குத் தெரியல பாய். சும்மாத் தொறந்து தொறந்து சாத்திக்கிட்டு இருக்காங்க.

பையக் குடுங்க. ரம்பம், உளி எல்லாம் இதுலதானா? ஃப்ரிட்ஜ் மேல வேணாம், அது மேல அரிசி டின்னு. தையல் மெஷின் மேலயும் வேணாம்... சரி, கையிலயே வெச்சுக்கிட்டு இருங்க.

வேலையச் சொல்லிடறேன். ஞாயித்துக்கெழம என் பேத்தி வருது. நாலு மாசக் கொழந்த. பொறந்ததுலேர்ந்து இந்த வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல, இதான் மொத தடவ. அரை நாள்தான் இருப்போம்ப்பான்னு என் பொண்ணு சொல்லியிருக்கா. அரை நாளுன்னாலும் கொழந்த தூங்கும்ல? தூங்கினா தூளி கட்டணும்ல? அதுக்குக் கொக்கி வேணும். கொக்கி இருக்குது. இந்த ஹவுசிங் போர்டு வீடு கட்டும்போதே ஹால் நடுவுல ரெண்டு கொக்கி வெச்சுத்தான் கட்டியிருக்கான், ஒண்ணு ஃபேனுக்கு, ஒண்ணு தூளிக்கு. என் பொண்ணு நித்திலா அதுலதான் ஆடினா. இப்ப அது எங்க இருக்குதுன்னா, நீங்க தலைய இடிச்சுக்கிட்டீங்களே, அந்தப் பரணுக்கு உள்ள இருக்குது. அத வெளிய கொண்டு வரணும். இன்னிக்கு வெள்ளிக்கெழம. நாளைக்கு ஒரு நாள் இருக்கு. முடிச்சிடலாம்ல?

அப்படி அண்ணாந்து பாக்காதீங்க, கழுத்துப் புடிச்சுக்கும். நான் வெளக்கமாச் சொல்றேன். ஹாலு பத்துக்குப் பதினொண்ணு. ஒசரம் ஒம்போதரை அடி. மனுஷன் எவ்வளவு ஒசரம்? அஞ்சரை, மிஞ்சிப் போனா ஆறு. அப்ப மேல இருக்கற மூணரை அடி யாருக்கு? காத்துக்கா? பத்து, பதினொண்ணு, மூணரைன்னு பெருக்கிப் பாருங்க, ஒரு குட்டி லாரி லோடு புடிக்கும். அத்தன எடமும் எத்தன வருஷமாத் தலைக்கு மேல சும்மாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு, நானும் அதுக்குக் கீழயே ஒக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்! ஆறு வருஷத்துக்கு முன்னாடிதான் புத்தி வந்துச்சு. செவுத்துக்குச் செவுரு பலகையப் போட்டு மூடினேன். ஃபேனக் கழட்டிட்டு செவுத்து ஃபேன் மாட்டினேன். கழட்டின ஃபேனா? மேலதான் இருக்குது. நல்ல ஃபேனு.

நான் லாரி ஷெட்டுல பார்சல் செக்‌ஷன்ல இருந்தவன் பாய். முப்பத்தோரு வருஷம். போன வருஷம்தான் ரிட்டயர்டு. லோடு அடுக்கறதுல ஏகாம்பரத்த மிஞ்ச ஆளில்லன்னு டிரைவருங்களே சொல்லுவாங்க. சரக்கப் பாத்த ஒடனே எது அடியில, எது மேல, எது ஓரத்துலன்னு எனக்குக் கண்ணுல வந்துடும். இந்த வீடு மொத்தமே முன்னூத்திப் பத்து சதுர அடி. நான் இல்லேன்னா இதுல ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

இதப் பாருங்க. கட்டிலு. தூக்குங்க... நல்லாத் தூக்குங்க, கனமாத்தான் இருக்கும். உள்ள எட்டு அறை. இது அஞ்சாம் நம்பர். சமையக்கட்டு மேடைக்குக் கீழ பதினொண்ணு, பன்னெண்டு. ஜன்னல் திட்டு பதினேழு. எதுல என்ன இருக்குதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். இந்த வீட்டுல காணாமப் போச்சுன்னு ஒரு பேச்சு கெடையாது. கடுகு எங்கன்னு மரகதம் கேட்டா, நோட்டப் பாருன்னு சொல்லுவேன். மரகதம்னா என் சம்சாரம். மொதல்ல எல்லாம் பாப்பா. அப்புறம் கடுகு இல்லாமலே தாளிக்க ஆரம்பிச்சுட்டா. அவளுக்குச் சோம்பல் ஜாஸ்தி.

சாயங்காலம் ஆனா மாடிப்படியில போய் ஒக்காந்துக்குவா. காத்து வாங்கறதுல அவளுக்கு அவ்வளவு ஆச. மூணாவது மாடி, படிக்கட்டு ஜன்னல்ல நல்லா வரும் காத்து. கீழ் வீட்டு அம்மா, எதிர் வீட்டு அம்மா எல்லாம் அங்கயே வந்து பேசிட்டுப் போவாங்க. நம்ம வீட்டுக்குள்ள யாரும் வர மாட்டாங்க. நல்லதுதான், எதையாவது எடுத்து எடம் மாத்தி வெச்சிட்டுப் போவாங்க.

சரி, ஏறுங்க. ஏணிய அங்க போடுங்க, கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவுல, மேல ஏறச் சந்து அங்கதான் விட்டிருக்கேன். மொதல்ல நான் என்ன நெனச்சேன்னா, பெரிசா ஒண்ணும் கழட்ட வேணாம், கொக்கிக்கு நேர் கீழ பலகையில ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமா அறுத்துட்டா, கயித்த அது வழியா வுட்டுக் கீழ தூளியக் கட்டிக்கலாம். எப்படி? ஏன் சிரிக்கறீங்க?

ஆமா... ஆமா. ஆடினா கயிறு பலகையில இடிக்கும். ஆடாத தூளி எதுக்கு. அது எனக்குத் தோணல பாருங்க. தொங்கறத மட்டும்தான் யோசிச்சேன்.

அப்ப ரெண்டு பலகையக் கழட்டணுங்கறீங்க. நடுவுல இருக்கறதா? முழுசாவா? அந்த ரெண்டு பலக மேல நெறைய இருக்குதே பாய். சரி. வேற வழி இல்லேன்னா என்ன பண்றது. கொழந்த வருது. நீங்க மேல போய் ஒண்ணொண்ணா எடுத்துக் குடுங்க, நான் வாங்கி வெக்கறேன். அடுக்கற வேல என் வேல.

குடுங்க. இது என்ன, டிவி அட்டப்பெட்டி. டிவி இல்ல, அது பழசாப் போய் மாத்தியாச்சு. பெட்டி மட்டும்தான். தெர்மாகோல் கூட ஒடையாம இருக்கு பாருங்க. இங்க வெக்கறேன். அடுத்தது... நித்திலா ஸ்கூல் பொஸ்தகம். ஒண்ணாங் கிளாசுலேர்ந்து இருக்குது. மெதுவா, அடி பிஞ்சிடும். அதுக்குப் பக்கத்துல சாக்கு மூட்ட இருக்கா? அது கல்யாணத்துல வந்த செவுத்துக் கடியாரம். ஒம்போது. ஒண்ணக் கூடப் பிரிக்கல. எல்லாம் அவளுக்குத்தான். பெரிய வீடு கட்டினா ரூமுக்கு ஒண்ணு மாட்டிக்கலாம்ல?

தூக்கிப் போட்டுடலாமே சாருன்னு சொல்லாதீங்க பாய். அந்த வார்த்தைய மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க. எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசு. ஷெட்டுல ஒரு தகரப் பெட்டி, யாரும் வந்து எடுக்கல. மூணு மாசம், ஆறு மாசம், பத்து மாசம். எடத்த அடைக்குதுன்னு முதலாளி சொன்னாரு, நான்தான் தூக்கிக் காயலாங்கடையில போட்டேன். பதினோராம் மாசம் ஒரு ஆளு சீட்டோட வந்து நின்னான். ஆஸ்பத்திரியில கெடந்தேன் சார், இப்பத்தான் நடக்கறேன், பெட்டி எங்கன்னான். போச்சுன்னு சொன்னேன். அவன் சண்ட போடல. அந்தப் பெட்டி இருந்த எடத்துல போய் நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். அவன் மொகம் இன்னும் எனக்குப் போகல. அதுலேர்ந்து நான் எதையும் போட்டதில்ல. என்னிக்கோ ஒருத்தர் வந்து கேப்பாங்க பாய். கேக்கும்போது இல்லேன்னு சொல்றது இருக்குதே, அது பெரிய பாவம்.

குடுங்க, குடுங்க. இது கட்டில் மேல. இது அதுக்கு மேல. என்ன பெட்டி அது, கிலுகிலுங்குதே? ஓ, வளையலு. வளகாப்பு வளையலு.

அதத்தான் உங்ககிட்ட சொல்லணும். நீங்க மேல ஒக்காந்தே கேளுங்க. மொதப் பிரசவம் தாய் வீட்டுலதானே பாய்? உங்கள்லயும் அதுதானே? ஏழாம் மாசம் திண்டிவனத்துல மாப்பிள்ள வீட்டுல வளகாப்பு. கை நெறைய வளையலப் போட்டு எங்களோட வேன்ல அனுப்பி வெச்சாங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நான் வேலைய ஆரம்பிச்சுட்டேன். பொண்ணு வரா, அஞ்சு மாசம் இருப்பா, அவளுக்குன்னு தனியா ஒரு கட்டில் வேணாமா? எங்க போடறது? யோசிச்சு யோசிச்சு, இதோ, இந்தச் செவுத்துல சாச்சி வெச்சிருக்கற பலக. கீலு வெச்சது. எறக்கினா கட்டிலு, தூக்கினா செவுரு. அடியில ரெண்டு தட்டு வேற. நானே டிசைன் பண்ணது. எறக்கிக் காட்டலாம்னா இப்ப எடம் இல்ல.

அதுல ஒரு சின்னக் கொற. எறக்கினா பாத்ரூம் கதவு தொறக்காது. கதவு ஹால் பக்கமாத் தொறக்குதா, பலக இடிக்குது. அது ஒரு பெரிய விஷயமா? அவ எழுந்து நிக்கணும், மரகதம் மெத்தைய சுருட்டணும், நான் பலகையத் தூக்கிக் கொக்கி மாட்டணும். ரெண்டு நிமிஷ வேல. மாசமா இருக்கறவங்க அடிக்கடி போவாங்கன்னு எனக்கு எங்க பாய் தெரியும்? ஆம்பளைக்கு அதெல்லாம் யாரு சொல்றா? மொத நாள் எட்டு தடவ. நான் ஒரு வார்த்த மொகம் சுளிக்கல. ரெண்டாவது நாள் அஞ்சு. நாலாவது நாள் ரெண்டுதான். பாத்தியா மரகதம், பழகிடுச்சுன்னு சொன்னேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அவ தண்ணி குடிக்கறத நிறுத்திட்டா. டாக்டரம்மா திட்டினாங்களாம், என்னம்மா ஒடம்பு இப்படிக் காஞ்சு கெடக்குது, வீட்டுல தண்ணி இல்லையான்னு. எனக்கு எவ்வளவு அவமானம் பாருங்க! தண்ணி இல்லாம என்ன, பத்தாம் நம்பர்ல மூணு கேன் வெச்சிருக்கேன். எடுத்துக் குடிக்க வேண்டியதுதானே? வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே அப்பா, இந்தக் கட்டில் வேணாம்னு? சொல்லல. ரெண்டு மாசம் எனக்காக வேல செஞ்சாரேன்னு சொல்லலையாம். மரகதம்தான் பின்னால சொன்னா.

இன்னும் எவ்வளவு இருக்குது பாய் அந்தப் பலக மேல? அம்மாடி. சரி, குடுங்க. கட்டில் நெறஞ்சுடுச்சு. தரையில வெப்போம். இங்க... இதுக்குப் பக்கத்துல... ஏணிக்கு மட்டும் எடம் விட்டுடுவோம்.

நடக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க, காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. வெளி வராண்டாவுல நடந்தா. பாக்க வர்றவங்க வாசல்ல நின்னே பாத்துட்டு, நின்னே பூ வெச்சுட்டுப் போனாங்க. அவ பை ஒண்ணு, கைப்பை, எப்பவும் தரையில வெச்சிருப்பா, சட்டுனு எடுக்கறதுக்கு. நடக்கற வழியில பை இருந்தா எப்படி? எடுத்து இருபத்திரெண்டுல வெச்சேன். திருப்பித் தரையில வெப்பா. திருப்பி எடுத்து வெப்பேன். இப்படி ரெண்டு பேரும் ஒரு வாரம் வெளையாடினோம்.

பத்தாவது நாளு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஃபைலக் காணோம். ஸ்கேன் ரிப்போர்ட்டு, ரத்த டெஸ்ட்டு எல்லாம் அதுலதான். நோட்டப் பாத்தேன், பதினாலுன்னு போட்டிருக்கு. பதினாலுல இல்ல. முப்பத்தோரு வருஷத்துல எனக்கு அப்படி ஆனதே இல்ல பாய். எடம் மாத்தி வெச்சிருக்கேன், எழுத மறந்துட்டேன். வீடு பூராப் பிரிச்சுப் போட்டேன். மரகதமும் பொண்ணும் பொடவையக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னாங்க, உள்ள நிக்க எடம் இல்ல. எட்டு மணி டோக்கன் போச்சு, பதினொண்ணு மணிக்கு டாக்டரம்மாவும் எழுந்து போயிட்டாங்க. மத்தியானம் கெடச்சுது. எங்கேன்னா, அவ படுக்கற பலகைக்கு அடியிலயே, அந்தத் தட்டுல. பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் வெச்சிருக்கேன். கெடச்சுடுச்சு, கெடச்சுடுச்சுன்னு கத்தறேன், யாரும் வந்து பாக்கல.

மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் மாடிப்படியில ஒக்காந்திருந்தாங்க. வெளக்கு வெக்கற நேரம். வயித்துப் புள்ளக்காரி படியில ஒக்காரலாமா? உள்ள வாம்மான்னு கூப்பிட்டேன். எங்கப்பா ஒக்கார்றதுன்னு கேட்டா. ஒரு நிமிஷம் இரு, கட்டில மடிச்சுட்டா எடம் வந்துடும்னேன். மடிச்சுட்டா நான் எங்கப்பா படுக்கறதுன்னு கேட்டா.

லோடுன்னா பதில் சொல்லிடுவேன். இது லோடு இல்லையே பாய்.

கோவமாக் கேட்டிருந்தாக் கூடப் பரவால்ல. சின்னப் புள்ளைல கணக்குல சந்தேகம் கேப்பாளே, அந்த மாதிரி கேட்டா. அப்புறம் சொன்னா, நான் அங்கயே பெத்துக்கறேம்ப்பா. அங்க மாமியாரு முடியாதவங்க, அதனால அம்மாவ என்னோட அனுப்பு. சம்பந்தி வீட்டுல போய் மரகதம் பிரசவம் பாக்கறதா? ஊர் என்ன சொல்லும்? பொண்ணக் கூட்டிட்டு வந்து பதினோரு நாள்ல திருப்பி அனுப்பின அப்பன் எவனாவது இருக்கானா? எவ்வளவோ சொன்னேன். மரகதம் ரெண்டு பொடவையப் பையில வெச்சா. அவ்வளவுதான் எடுத்துக்கிட்டா பாய், இத்தன சாமான்ல. வாசல்ல நின்னு, நான் திண்டிவனத்துல இருக்கேன்னு நோட்டுல எழுதிக்குங்கன்னா.

எழுதிட்டேன். கடைசிப் பக்கத்துல.

ஏழு மாசம் ஆகப் போவுது. பேர் வெக்கற விசேஷத்துக்கு ஒரு தடவ போனேன். பேத்தி மூக்கு என் மூக்கு, அதுல சந்தேகமே இல்ல. என்னமோ பேர் வெச்சிருக்காங்க, எனக்கு வாயில நுழையல. வீடு பெரிய வீடு. ஹால்ல ஒண்ணுமே இல்ல, ரெண்டு நாற்காலியும் ஒரு கோரப்பாயும். மேல பாத்தா மொட்டையா இருக்குது. அந்தச் செவுரு ஒண்ணு போதும், எனக்குக் குடுத்தா என்னென்னமோ பண்ணிடுவேன். மரகதம் அங்க கொழந்தைய மடியில போட்டுக்கிட்டு, ரெண்டு காலையும் நல்லா நீட்டி ஒக்காந்திருந்தா. அவ கால நீட்டி ஒக்காந்து நான் பாத்து ரொம்ப நாளாச்சு. இங்க சமையக்கட்டுலதான் படுப்பா, மேடைக்கு அடியில கால விட்டுக்குவா, பன்னெண்டாம் நம்பருக்குப் பக்கத்துல ஒரு சந்து இருக்கும். எப்ப வரேன்னு கேட்டேன். பாக்கலாம்னா.

எனக்கு மனசு கேக்கல பாய். எனக்கு ஒண்ணும் புரியவும் இல்ல. எல்லாம் இவங்களுக்காகத்தானே பண்ணேன்? ஒண்ணு தொலஞ்சுதா? ஒண்ணு ஒடஞ்சுதா? குடிச்சேனா, சீட்டாடினேனா? தனியா இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்குது. மெஸ்ஸுலேர்ந்து சாப்பாடு வாங்கிட்டு வந்து, எங்க ஒக்காந்து சாப்பிடறதுன்னு... விடுங்க. போன வாரம் நானே ஃபோன் பண்ணி நித்திலாகிட்ட கெஞ்சினேன். ஒரே ஒரு தடவ கொழந்தையக் கொண்டாந்து தாய் வீட்டுல போட்டுட்டுப் போம்மான்னு. அப்புறம், சரிப்பா, ஞாயித்துக்கெழம அரை நாள்னு சொன்னா.

என்ன, கெடச்சுதா? கொக்கி தெரியுதா? ஆட்டிப் பாருங்க! துரு இருக்கா? இல்லையா? நான் சொன்னேன்ல, அந்தக் காலத்து இரும்பு. நல்லா, பலமாப் புடிச்சு இழுங்க பாய். ஆஹா. போதும். எனக்கு இப்பத்தான் மூச்சு வருது. பலக ரெண்டையும் கழட்டுங்க. அப்படியே தூளி எறங்கும், இந்த ஒசரத்துக்கு. இப்படி ஒரு பக்கம், அப்படி ஒரு பக்கம் ஆடும். அஞ்சடி வேணுமா? வேணும்ல. இந்தப் பெட்டிங்கள எல்லாம்... எங்கயாவது பண்ணுவோம்.

வெளி வராண்டாவுல வெக்க முடியாது. போன வருஷமே அசோசியேஷன்ல சத்தம் போட்டுட்டாங்க. மொட்ட மாடியும் கூடாதாம்.

சரி பாய், நீங்க சொல்றதுக்காகச் சொல்றேன். இந்த டிவி பெட்டி. காலிப் பெட்டி. இத நீங்க போகும்போது எடுத்துட்டுப் போயிடுங்க. நான் சொல்லிட்டேன், எடுத்துட்டுப் போயிடுங்க. ...தெர்மாகோல மட்டும் குடுத்துட்டுப் போங்க. இல்ல, தெர்மாகோல் இருந்து பெட்டி இல்லேன்னா அது எதுக்கு. பெட்டி இருக்கட்டும். கடியாரத்த வேணும்னா... அது அவளோடது, அவளக் கேக்காம எப்படி?

இருங்க, ஃபோன் அடிக்குது. எங்க வெச்சேன்... பொஸ்தகப் பெட்டிக்குப் பின்னாடி. வந்துட்டேன், வந்துட்டேன்.

ஹலோ. ஆங், சொல்லு மரகதம். இருக்கேன். சாப்பிட்டேன். ஆமா, ஆள் வந்திருக்காரு, வேல நடக்குது. கொக்கி கெடச்சுடுச்சு! நம்ம நித்திலா ஆடின அதே கொக்கி... என்னது? எப்ப? நேத்தா? குப்புற விழுந்துடுச்சா! தானாவா? நாலு மாசத்துலயா! அடி சக்க. கொழுக்கட்ட செஞ்சீங்களா? ம். ம். தூளியில இருக்க மாட்டேங்குதா. தரையிலயே போடணுமா. எவ்வளவு... ம். உருளுதா. ரெண்டு பக்கமுமா. ம். எடமா?

எடம்...

மரகதம், ஒண்ணு பண்ணலாமா. இந்த ஞாயித்துக்கெழம வேணாம். வேல கொஞ்சம் இழுக்கும் போல இருக்குது. அடுத்த வாரம் பாத்துக்கலாமே. இல்லேன்னா அதுக்கு அடுத்த வாரம். கொழந்தையப் பத்திரமாப் பாத்துக்க. ஆங். வெச்சுடறேன்.

ஏன் பாய் அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன பண்ணட்டும், நீங்களே கீழ பாருங்க. ஒரு போர்வ விரிக்க எடம் இருக்குதா? அது உருளுதாம். நேத்துலேர்ந்து உருளுதாம். தூளின்னா அந்தரத்துல பாத்துக்கலாம்னு நெனச்சேன். தரைக்கு நான் எங்க போவேன்? இத எல்லாம் மேல ஏத்தினா கொக்கி போச்சு, எறக்கினா தர போச்சு. ரெண்டு நாள்ல நான் என்னத்த மாத்த முடியும்? எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல பாய், சத்தியமாத் தெரியல.

நான் வரவேணாம்னு சொன்னதுக்கு அவ கோவிச்சுக்குவான்னு நெனச்சேன். அழுவான்னு நெனச்சேன். சரிங்கன்னு சொல்லிட்டா. ஏன்னு கூட ஒரு வார்த்த கேக்கல.

பலகைய விட்டுடுங்க, இன்னிக்குக் கழட்ட வேணாம். நீங்க எறங்குங்க. பாத்து... ஏணிக்குக் கீழயும் வெச்சுட்டேனா? இருங்க பாய், அப்படியே இருங்க. நீங்க கால் வெக்க எங்கயாவது எடம் பண்றேன்.